நான்கு மில்லிமீட்டர்: கீபோர்டு சுவிட்சின் வரலாறு

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. பிளாஸ்டிக் கூடு, அதற்குள் மேலும் கீழும் நகரும் தண்டு, தண்டைத் தாங்கும் ஸ்பிரிங், ஒன்றையொன்று தொட்டு மின்தொடர்பை உண்டாக்கும் இரண்டு உலோகத் தகடுகள். உறுப்புகள் அவ்வளவுதான். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சுவிட்சுகளில் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து பதிவாகிவிடும். மிச்சமுள்ள 2 மில்லிமீட்டர், விரல் வேகம் குறைந்து நிற்பதற்கான இடம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அறிய ஆய்வகம் தேவையில்லை, சில்லறை போதும். பழைய தடித்த 5 ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 9 கிராம். விசையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இலேசான வகையான சிவப்பு சுவிட்ச் ஐந்தாறு நாணயங்களில் எழுத்தைப் போட்டுவிடும். கனமான வகையான கறுப்பு சுவிட்ச் ஏழு கேட்கும். கணினியில் விளையாட எந்த சுவிட்ச் வசதி என்ற வாதத்தில் பாதி இந்த ஒன்றிரண்டு நாணய வித்தியாசத்தைப் பற்றியதுதான். ஆனால் இந்தப் பொருளை உருவாக்கியவர்களின் நினைப்பில் விளையாட்டு இருக்கவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் அலுவலகக் கைகளுக்காகப் பிறந்தது அது.

1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ்-கிளிடன் தட்டச்சுப் பொறியில் விசை என்பது ஒரு நெம்புகோலின் நுனி. விரலின் பலம்தான் அச்செழுத்தைத் தூக்கிக் காகிதத்தில் அடித்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் இடது ஓரத்து எழுத்து மட்டும் மங்கலாக விழுவது அங்கே பலரின் முதல் மாத அனுபவம். கடுமையான வேலைதான் என்றாலும் அந்த இயந்திரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எழுத்து விழுந்துவிட்டது என்று விரல், காது, கண் மூன்றுக்கும் அதே நொடியில் தெரிந்துவிடும். 1961இல் வந்த ஐபிஎம் செலக்ட்ரிக் அடிக்கும் வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்தது. விரலுக்குப் பாரம் குறைந்தது, நிம்மதி குறையவில்லை. எழுத்துகள் பொறித்த பந்து திரும்பித் தாளில் மோதும் சத்தம் ஒவ்வொரு தட்டலுக்கும் பதில் சொன்னது.

கணினி முனையங்கள் வந்ததும் அந்தப் பதில் நின்றுபோனது. விசைக்கும் திரைக்கும் நடுவே இருந்தது கம்பி மட்டுமே. செலக்ட்ரிக்கில் பழகிய கைகளுக்கு இது காலுக்கடியில் படி இல்லாததுபோல் இருந்திருக்க வேண்டும். 1970களில் ஐபிஎம் தன் முனையங்களில் பீம் ஸ்பிரிங் என்ற அமைப்பைப் பொருத்தி, இல்லாத அடியின் உணர்வை விரலுக்குத் திருப்பிக் கொடுத்தது. தொடுவதற்கு அது அருமையான பொருள். ஆனால் உயரமும் எடையும் செலவும் அதிகம்.

மலிவான வழியைக் கண்டவர் ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ். 1977இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை அடுத்த ஆண்டு கிடைத்தது. ஒரு சுருள் ஸ்பிரிங்கை மேசைமேல் நிறுத்தி உச்சியில் விரலை வைத்து அழுத்தினால் அது கொஞ்ச தூரம் நேராகச் சுருங்கும். பிறகு பொறுக்கமுடியாமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். ஹாரிஸ் பயன்படுத்திக்கொண்டது இந்த மடங்கலைத்தான். ஸ்பிரிங் மடங்கும்போது அதன் அடியிலுள்ள சிறு பிளாஸ்டிக் சுத்தியல் முன்னே சாய்ந்து எழுத்தைப் பதிவு செய்கிறது. ஸ்பிரிங் தன் குழாயின் சுவரில் மோதுவதால் 'டக்' என்று ஒரு சத்தம். அதே கணத்தில் விரலடியில் இருந்த எதிர்ப்பு விலகிவிடுகிறது. பதிவு, சத்தம், உணர்வு மூன்றும் ஒரே நிகழ்ச்சி. எதையும் தனியாகச் சேர்க்கவேண்டியதில்லை. கீபோர்டு வரலாற்றில் இதைவிட நேர்த்தியான யோசனை வேறொன்று இருக்கிறதா என்பது சந்தேகமே.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் மாடல் எஃப் கீபோர்டும், 1985இல் தொடங்கிய மாடல் எம் வரிசையும் இந்த ஸ்பிரிங்கின்மேல் கட்டப்பட்டவை. 101 விசைகளும் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையும் கொண்ட மாடல் எம் இன்றைய கீபோர்டுகளின் அமைப்புக்கு முன்மாதிரி. அதைத் தட்ட ஏழெட்டு நாணயப் பாரம் வேண்டும். எழுத்துவேலை செய்பவர்களில் சிலர் இன்னும் அதைப் பழையசாமான் சந்தைகளில் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். விளையாட்டுக்கு அது சரிப்படவில்லை, காரணம் பாரம் மட்டுமல்ல. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில சேர்க்கைகள் பதிவாகவே மாட்டா. குமாஸ்தா எதற்கு மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தப்போகிறார் என்று அன்று நினைத்ததில் தவறும் இல்லை.

இதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு மரபு உருவானது. செர்ரி நிறுவனத்தைத் தொடங்கியவர் வால்டர் செர்ரி, தொடங்கிய இடம் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு உணவகத்தின் நிலவறை, ஆண்டு 1953. பின்னாளில் ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள ஆவர்பாக் என்ற சிற்றூர் அதன் சுவிட்ச் தொழிலுக்கு மையமானது. அலுவலகக் கீபோர்டு தட்டையாக இருக்கவேண்டும், மணிக்கட்டு வளைந்து தூக்கி நிற்கக்கூடாது என்ற பணியிட ஒழுங்குகள் 1980களில் ஜெர்மனியில் வலுப்பட்டிருந்தன. அதற்கேற்ற குள்ளமான சுவிட்சாக வந்தது எம்எக்ஸ். அமெரிக்கக் காப்புரிமைக்கு 1983இல் விண்ணப்பித்து 1984இல் பெற்றார்கள்.

எம்எக்ஸ் சுவிட்சைத் திறந்து பார்த்தால் கவனிக்கவேண்டியது தண்டின் பக்கத்திலுள்ள இரண்டு சிறு கால்கள். அசையக்கூடிய செப்புத் தகட்டை அவை பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கின்றன. தண்டு இறங்கும்போது கால்கள் விலக, தகடு முன்னே வந்து மற்றொரு தகட்டைத் தொடுகிறது, எழுத்து பதிவாகிறது. கால்களின் வடிவத்தை மாற்றினால் விரலுக்குக் கிடைக்கும் உணர்வு மாறும். சரிவு நேராக இருந்தால் தடங்கல் இல்லாத இறக்கம். இதற்கு லீனியர் என்று பெயர். சரிவில் சிறு மேடு வைத்தால் வழியில் ஒரு இடறல் தெரியும், அது டேக்டைல். தண்டைச் சுற்றித் தனியாக நகரும் ஒரு துண்டைச் சேர்த்தால் அது துள்ளி விழும்போது சத்தமும் வரும், அது கிளிக்கி. எந்தச் சுவிட்ச் எது என்று தொழிற்சாலையில் குழம்பாமல் இருக்கத் தண்டுக்குச் சாயம் கொடுத்தார்கள். கறுப்பு கனமான லீனியர். நீலம் கிளிக்கி. 1990களின் நடுவில் வந்த பிரவுன் இலேசான மேடு கொண்டது. கைவலி உள்ளவர்களுக்காக வளைத்துச் செய்யப்பட்ட கினெசிஸ் கீபோர்டுகளில் அது இடம்பிடித்தது. சுவிட்சின் வசதி என்பது உடம்பு நோகாமல் இருப்பது என்ற பொருள் அங்கேதான் முதலில் வெளிப்படையாக வருகிறது.

ஜப்பானிலும் ஆல்ப்ஸ், டோப்ரே போன்ற நிறுவனங்கள் தங்கள் வழிகளில் நல்ல சுவிட்சுகள் செய்தன. 1987இல் ஆப்பிள் வெளியிட்ட பெரிய கீபோர்டில் இருந்தவை ஆல்ப்ஸ் சுவிட்சுகள். ஆனால் 1990களில் கணினி விலை சரிந்தபோது இவை எல்லாவற்றையும் ஒரு ரப்பர் விரிப்பு ஓரங்கட்டியது. நூறு சுவிட்சுகளுக்குப் பதிலாக ரப்பர் குமிழ்கள் கொண்ட ஒரே விரிப்பு, அடியில் மின்பாதை அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். குமிழ் அமுங்கி அடித்தளத்தைத் தொடும் இடத்தில்தான் எழுத்து பதிவாகும் என்பதால் விரல் ஒவ்வொரு முறையும் அடிவரை போகவேண்டும். கொழகொழப்பான உணர்வு, ஆனால் சத்தமில்லை, கணினியோடு கொசுறுபோல வந்துவிடும். இரண்டு தலைமுறைகள் அதில்தான் தட்டின.

விளையாட்டுக்காரர்களும் அதில்தான் விளையாடினார்கள். 1993இன் டூம் விளையாட்டில் நடப்பதற்கு அம்புக்குறி விசைகள். சுட்டியால் குறிபார்க்கும் பழக்கம் பரவியதும் வலக்கை சுட்டிக்குப் போனது, இடக்கை கீபோர்டின் இடப்பக்கத்துக்கு நகர்ந்தது. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு எழுத்துகள் முன்னே, இடம், பின்னே, வலம் என்று ஆயின. இந்த அமைப்பைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் 'திரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங். 1997இல் குவேக் என்ற விளையாட்டின் போட்டி ஒன்றில் வென்று, அந்த விளையாட்டை எழுதிய ஜான் கார்மக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றவர். அடுத்த ஆண்டு வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டு இந்த நான்கு விசைகளை இயல்பமைப்பாகவே வைத்துக்கொண்டது.

எழுதுபவர் விசையைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். விளையாடுபவர் விசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்னே ஓடியபடி பக்கவாட்டில் நகர்ந்து, சுண்டுவிரலால் குனிந்து, கட்டைவிரலால் குதிக்கவேண்டும். நான்கு விசைகள் ஒன்றாக. மலிவுக் கீபோர்டு இங்கேதான் காலை வாரியது. விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிவலையில் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை அழுத்தினால் நான்காவதும் அழுத்தப்பட்டதுபோல் மின்சாரம் சுற்றிவரும். அந்தப் பேய் எழுத்தைத் தவிர்க்க கீபோர்டு உண்மையான அழுத்தத்தையும் சேர்த்து மறுத்துவிடும். ஒவ்வொரு விசைக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். தனித்தனிச் சுவிட்சுகள் கொண்ட மெக்கானிக்கல் கீபோர்டில் அதைச் செய்வது எளிது. விளையாட்டுக்காரர்களை அதன்பக்கம் திருப்பியதில் தொடு உணர்வுக்கு இருந்த பங்கைவிட இந்த டையோடுக்கு இருந்த பங்கு குறைவில்லை. பழைய விளம்பரங்கள் இதைத்தான் பெரிய எழுத்தில் போட்டன.

தென்கொரியாவின் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டு வீரர்கள் இந்தக் கதைக்குள் எளிதில் அடங்குவதில்லை. நிமிடத்துக்கு 300 கட்டளைகளுக்குமேல் கொடுத்த அந்தக் கைகளில் பலவற்றுக்கு அடியில் இருந்தது சாம்சங்கின் டிடி-35 என்ற மலிவான ரப்பர் கீபோர்டு. பிசி பாங் என்ற விளையாட்டு நிலையங்களில் அதில் பழகினார்கள், அதிலேயே பட்டம் வென்றார்கள். பழகிய பொருளே வசதியான பொருள் என்ற இந்த எளிய உண்மையைச் சுவிட்ச் விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

மெக்கானிக்கல் கீபோர்டு விளையாட்டுப் பொருளாக மறுபிறவி எடுத்தது 2008 வாக்கில். டென்மார்க்கின் ஸ்டீல்சீரிஸ் அந்த ஆண்டு வெளியிட்ட 7ஜி மாடலில் செர்ரியின் கறுப்பு சுவிட்சுகள் இருந்தன. அதே ஆண்டில்தான் செர்ரி சிவப்பு சுவிட்சையும் கொண்டுவந்தது. கறுப்பின் உடம்பில் இலேசான ஸ்பிரிங், 60 சென்டிநியூட்டனுக்குப் பதில் 45. மணிக்கணக்கில் விசையைப் பிடித்திருக்கும் இடக்கைக்கு இந்தக் குறைவு பெரிய ஆறுதல். 2010இல் ரேசர் நிறுவனத்தின் பிளாக்விடோ கீபோர்டு வந்து சந்தையை அகலத் திறந்தது. ஆனால் அதில் இருந்தவை நீல சுவிட்சுகள். கடையில் தட்டிப்பார்ப்பவரை உடனே மயக்குவது நீலம்தான். சத்தமும் துள்ளலும் கொடுத்த காசுக்கு ஏதோ கிடைத்ததுபோலத் தோன்றவைக்கும்.

விளையாட்டுக்கு நீலம் ஏன் தோதுப்படவில்லை என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த மாற்றங்களின் விதை இங்கே இருக்கிறது. நீல சுவிட்சில் சத்தம் போடும் துண்டு தண்டைச் சுற்றித் தளர்வாக நகர்கிறது. இறங்கும்போது 2.2 மில்லிமீட்டரில் எழுத்து பதிவாகும். ஏறும்போது அதே இடத்தில் தொடர்பு அறுவதில்லை. தளர்ந்த துண்டு பின்தங்குவதால், இன்னும் மேலே வந்தபிறகே அறுகிறது. ஒரே விசையை இரண்டுமுறை விரைந்து தட்டவேண்டியவர் விரலை அவ்வளவு உயரம் தூக்கியாகவேண்டும். தூக்காமல் தட்டினால் இரண்டாவது தட்டு வீண். தட்டச்சில் ஒரே எழுத்து இருமுறை வருவது எப்போதோதான், அதனால் எழுத்தருக்கு இது தெரிவதில்லை. விளையாடுபவருக்கு அடிக்கடி நேர்வது. சிவப்பிலும் கறுப்பிலும் பதிவாகும் இடமும் விடுபடும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. லீனியர் சுவிட்சுகள் 'கேமிங் சுவிட்ச்' என்ற பெயரைப் பெற்றதற்கு வேகத்தைவிட இந்த ஒற்றுமைதான் நியாயமான காரணம். அதுவரை சுவிட்ச் செய்தவர்களின் கவனமெல்லாம் இறங்கும் விரலின்மேல் இருந்தது. ஏறும் விரலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்று தெரியவந்தது விளையாட்டால்தான்.

செர்ரியின் பழைய காப்புரிமை காலாவதியாகி இருந்ததால், தேவை ஏறியதும் சீனத் தொழிற்சாலைகள் களத்தில் இறங்கின. டோங்குவானில் கைஹுவா நிறுவனத்தின் கேல், ஹுய்சோவில் கேட்டரான், மேலும் ஓட்டெமு. எல்லாம் அதே சிலுவைத் தலைத் தண்டு, அதே கால்கள், அதே நிற மொழி. 2014இல் ரேசரும் செர்ரியை விட்டுத் தன் பெயரில் சுவிட்ச் செய்துகொண்டது. முதலில் போலி என்று ஒதுக்கப்பட்டவற்றில் சில அசலைவிட வழுவழுப்பாக இறங்கின என்பதை விரல்கள் கண்டுபிடித்தன. மெக்கானிக்கல் கீபோர்டு மாணவர் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

இன்னொரு பக்கம் அது பொழுதுபோக்காகவும் ஆனது. சாலிடரிங் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றும் சாக்கெட்டுகள் வந்தன. ஒரு சுவிட்சின் கூட்டில் இன்னொன்றின் தண்டைப் போட்டு மூன்றாவதாக ஒன்றை உருவாக்கினார்கள். சுவிட்சைத் திறந்து மெல்லிய தூரிகையால் கிரீஸ் தடவும் 'லூப்' போடுவது ஒரு சடங்காகவே ஆயிற்று. தண்டின் பக்கங்களில் தடவலாம். டேக்டைல் சுவிட்சின் கால்களில் தடவினால் மேடு மழுங்கிவிடும். அதிகமானால் சேற்றில் கால் வைத்ததுபோல் இருக்கும். 87 விசைக் கீபோர்டு ஒன்றை முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். விளையாட்டில் இதனால் ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை. கரகரப்பு மறைந்து விரல் வழுக்கி இறங்கும் சுகம் மட்டுமே கூலி.

2016இல் செர்ரி சில்வர் ஸ்பீடு சுவிட்சை வெளியிட்டது. பதிவாகும் தூரம் 2 மில்லிமீட்டரிலிருந்து 1.2க்குக் குறைந்தது. எண்ணாகப் பார்க்கக் கவர்ச்சிதான். கையில் எடுத்ததும் புதுத் தொல்லை. ஓய்வாக வைத்திருக்கும் விரலின் பாரமே சிலசமயம் விசையை இயக்கிவிடும். எதிரிக்காகப் பதுங்கி நிற்பவர் தன்னை அறியாமல் கையெறிகுண்டை எடுத்துவிடுவார். இலேசான ஸ்பிரிங்கோடு குறைந்த தூரமும் சேர்ந்தால் கை எப்போதும் காற்றில் மிதந்தபடி இருக்கவேண்டியிருக்கிறது, அதுவே சோர்வு. கனமான கையுள்ள சிலர் சிவப்பைவிட்டுக் கறுப்புக்குத் திரும்பியதும் இதனால்தான். எல்லா விரலுக்கும் ஒரே தூரம் பொருந்தாது. ஆனால் உலோகத் தகடு தொடும் சுவிட்சில் அந்தத் தூரம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்தக் கட்டுப்பாட்டை உடைத்த தத்துவம் மிகப் பழையது. மின்சாரம் ஓடும் கடத்தியின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் குறுக்காக ஒரு மின்னழுத்தம் பிறக்கும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்தார். 1968இல் ஹனிவெல்லின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு இதைக் கொண்டு கீபோர்டு செய்தது: தண்டில் காந்தம், அடியில் உணரி, ஒன்றையொன்று தொடும் தகடுகளே இல்லை. தேய்மானம் கிட்டத்தட்ட இல்லாத அந்தக் கீபோர்டுகள், விசைக்கு ஒரு சிப் என்ற செலவால் ஆலைகளிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் நின்றுவிட்டன. அரை நூற்றாண்டில் உணரியின் விலை விழுந்தது. 2016இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் முதலில் ஒளியைப் பயன்படுத்தும் சுவிட்சுகளில் முயன்று, பிறகு ஹால் முறைக்கு மாறியது. 2019இல் ஸ்டீல்சீரிஸும் காந்தச் சுவிட்சுகளை அறிமுகப்படுத்தியது. 2022இல் வந்த வூட்டிங் 60எச்இ போட்டி வீரர்களிடையே அலையாகப் பரவியது.

காந்தச் சுவிட்ச் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே சொற்களில் பேசுவதில்லை. தண்டு இந்தக் கணத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தத் தூரத்தில் பதிவாகவேண்டும் என்பதை மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம், 0.1 மில்லிமீட்டர் முதல் 4 வரை. இதிலிருந்து பிறந்தது ரேபிட் டிரிகர். விசை குறிப்பிட்ட இடத்துக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்காமல், விரல் மேலே நகரத் தொடங்கியதுமே அழுத்தம் விட்டதாக அது எடுத்துக்கொள்ளும். கவுண்டர்-ஸ்டிரைக் என்ற சுடும் விளையாட்டில் ஓடியபடி சுட்டால் தோட்டா சிதறும், சுடுமுன் நிற்கவேண்டும். இடப்பக்கம் ஓடுபவர் ஏ விசையை விட்டு டி விசையை ஒரு தொடு தொட்டால் உடனே நிற்பார். பழைய சுவிட்சில் ஏ விசை அடிமட்டத்திலிருந்து பாதிவழி ஏறும்வரை விளையாட்டுக்குள் கால்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ரேபிட் டிரிகரில் விரல் அசைந்ததும் ஓட்டம் நிற்கிறது. நீல சுவிட்சில் தொல்லையாகத் தொடங்கிய ஏறும் விரலின் கணக்கு இங்கே சுவிட்சின் முதன்மை வேலையாகிவிட்டது.

கொஞ்ச நாளில் கீபோர்டு விரலையும் முந்தப் பார்த்தது. 2024 ஜூலையில் ரேசர் 'ஸ்நாப் டேப்' என்ற வசதியைக் கொடுத்தது: ஏ, டி இரண்டும் அழுத்தப்பட்டிருந்தால் கடைசியாக அழுத்தியதே செல்லும். முதல் விசையை விடவேண்டிய அவசியமே போனது. இப்படி இரண்டு விரல்களின் ஒத்திசைவைக் கருவியே செய்துகொடுப்பது விளையாட்டுத் திறனா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த மாதமே வால்வ் நிறுவனம் தன் கவுண்டர்-ஸ்டிரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் இத்தகைய தானியக்கத்துக்குத் தடை விதித்தது. பயன்படுத்துபவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார். ரேபிட் டிரிகர் தடைக்குள் வரவில்லை, விரல் செய்வதைத்தானே அது சொல்கிறது.

காந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் லீனியர். மேடும் 'டக்'கும் தேடுபவர்கள் பிரவுன், நீல வகைகளிலேயே இருக்கிறார்கள். ஹாரிஸின் மடங்கும் ஸ்பிரிங்கை வைத்து யூனிகாம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் இன்றும் கீபோர்டு செய்து விற்கிறது. ஒரே கீபோர்டில் இரண்டு வேலையும் பார்ப்பவர்கள் மென்பொருளில் இரண்டு அமைப்புகளைச் சேமித்துக்கொள்கிறார்கள். விளையாடும்போது இடக்கையின் நான்கு விசைகளுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எழுதும்போது எல்லா விசைக்கும் பழையபடி 2 மில்லிமீட்டர். அமைப்பை மாற்ற மறந்து கடிதம் எழுத உட்கார்ந்தால், ஓய்வெடுக்கும் சுண்டுவிரலுக்கு அடியில் ஏ எழுத்து தானாக வரிசைகட்டி ஓடும்.